நவநீதன், பி.காம்., டி.என்.எஃப்.

என் தம்பி நவநீதன் பொய் சொல்லவே மாட்டான். நடந்ததைத்தான் சொல்வான். நடந்தது ஒரு சாண் என்றால், அவன் வாயை விட்டு வெளியே வருவதற்குள் அது ஏற்காட்டிலிருந்து சேலம் வரைக்கும் நீண்டிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஒரு குணத்தாலேயே அவனுக்கு மூன்று இடம் தட்டிப்போனது. முதல் வீட்டில் "காபி எப்படிங்க இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். "எங்க தோட்டத்துக் காபிய ஒரு வாய் குடிச்சுட்டு எங்க சித்தப்பா பதினோரு நாள் தூங்கலைங்க, பன்னெண்டாம் நாள் அவருக்குப் பதிலா எங்க சித்திதான் தூங்குச்சு" என்றான். அந்த வீட்டுக்காரர் செருப்பை எங்கே விட்டோம் என்று எங்களுக்கு ஞாபகப்படுத்தினார். இரண்டாவது வீட்டில் நாய் கதை சொன்னான், அதை எழுதினால் எனக்கே கூச்சம். மூன்றாவது வீட்டில் அம்மா சத்தியம் வாங்கிவிட்டதால் வாயே திறக்கவில்லை. பையன் ஊமையோ என்று சந்தேகப்பட்டு அவர்களும் விட்டுவிட்டார்கள்.

நாலாவதாக வந்தது காரவள்ளி இடம். கொல்லிமலை அடிவாரம். பெண் பேர் கோகிலவாணி. "டீச்சர் வேலை" என்று தரகர் சொன்னார். போட்டோவைப் பார்த்ததிலிருந்து நவநீதன் இரண்டு நாள் ஒரு புளுகுகூடப் புளுகவில்லை. மழை எப்படி என்று கேட்டால் "தூறுது" என்றான். அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. "அக்கா, இந்த இடம் மட்டும் எப்படியாவது அமைஞ்சுடணும்க்கா" என்று என்னிடம் தனியாக வந்து சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது.

அதனால் அம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பேசத் தெரியாதவளுக்கு ஏற்ற வேலைதான். "பாப்பாவ மடியில வெச்சுட்டு அவன் பின்னாடியே உக்காரு. வாயத் தொறந்தான்னா சட்டையப் புடிச்சு இழு."

இங்கே அந்த டி.என்.எஃப். விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

நவநீதனுக்கு வேலை காபித் தோட்டத்து ஸ்டோரில். ஆனால் அவன் தன்னை மலை சைக்கிள் ரேஸ் வீரன் என்றுதான் சொல்லிக்கொள்வான். ரோட்டில் ஓட்டுகிற ரேஸ் இல்லை. கல்லு, வேரு, சகதி, சரிவு என்று மலைப்பாதையில் ஓட்டுகிற ரேஸ். போன வருஷம் ஒரே கிளப்பு நடத்திய மூன்று ரேஸிலும் கலந்துகொண்டான். ஒன்று ஏற்காட்டில், ஒன்று ஊட்டிப் பக்கம், ஒன்று கொல்லிமலையில். மூன்றுக்கும் முடிவுத் தாள் கொண்டுவந்து லேமினேஷன் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "ஏன்டா, மேல இருக்கற பேருக்கெல்லாம் மணியும் நிமிஷமும் போட்டிருக்கு, உனக்கு என்னமோ எழுத்துப் போட்டிருக்கே?"

"டி.என்.எஃப். அம்மா."

"அப்படின்னா?"

"டிஸ்ட்ரிக்ட் நம்பர் ஃபர்ஸ்ட். மொதல்ல வர்றவனுக்கு நேரமெல்லாம் போட மாட்டாங்க. பட்டம்தான் போடுவாங்க."

மூன்று ரேஸ், மூன்று பட்டம். அம்மா தெருவெல்லாம் சொன்னாள். என் பாப்பாவுக்கு முடி இறக்கிக் காது குத்தியபோது மண்டப வாசலில் பத்தடி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு உருவம், கீழே "தாய்மாமன் நவநீதன், பி.காம்., டி.என்.எஃப்." மூஞ்சி தெரியாததால் பாதிப் பேர் யாரோ தீயணைப்பு ஆபீசர் என்று நினைத்துவிட்டுப் போனார்கள். கல்யாணத்துக்குக் கொடுக்கிற பயோடேட்டாவிலும் படிப்புக்கு நேராக அம்மா அதையே அச்சடிக்கச் சொன்னாள். நானும் நம்பித்தான் இருந்தேன். பேருக்குப் பின்னால் எழுத்து வந்தால் அது பட்டமாகத்தானே இருக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காரவள்ளி போய்ச் சேர்ந்தோம். வாசலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே காலண்டர் ஆணியில் ஒரு விசில் தொங்கியது. பெண்ணின் தாய்மாமன் துரைக்கண்ணு பஸ் டிரைவர், இருபத்திரண்டு வருஷமாகக் கொல்லிமலை ரூட்டில் ஓட்டுகிறவர் என்று தெரியும். டிரைவர் வீடு, கண்டக்டர் மறந்துவிட்டுப்போன விசிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மாவும் மாமாவும்தான். பெண் சமையல்கட்டில் இருந்தாள், திரை போட்டிருந்தது.

துரைக்கண்ணு அண்ணன் பேசுகிற ஆள் இல்லை. தொண்டையைச் செருமுகிற ஆள். எழுபது கொண்டை ஊசி வளைவில் வளைவுக்கு ஒரு ஹாரன் அடித்துப் பழகியவர், எதிரில் ஏதாவது சரியில்லாமல் வருகிறது என்று பட்டால் "ம்க்கும்" என்பார். ஹாரன் மாதிரியே இருக்கும்.

"தம்பிக்கு ஸ்டோர்ல வேலைங்களா?"

"ஆமாங்க மாமா."

"இன்னும் மாமா ஆகலைங்க தம்பி."

"சரிங்க மாமா."

நல்லபடியாகத்தான் போனது. வேலையைப் பற்றிக் கேட்டார், ஒழுங்காகச் சொன்னான். ஊரைப் பற்றிக் கேட்டார், ஒழுங்காகச் சொன்னான். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். அப்போது பெண்ணின் அம்மா சும்மா இருக்காமல், "சைக்கிள் ரேஸெல்லாம் ஓட்டுவீங்கன்னு போட்டிருந்துச்சே?" என்று கேட்டுவிட்டார்.

நவநீதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் சட்டையை இழுத்தேன். சட்டை வெளியே வந்தது. பேச்சு அதற்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டது.

"அது சாதா சைக்கிள் இல்லீங்க அத்தை. புதுசு. முழுக்கக் கார்பன்."

"கார்பன்னா கரிதானுங்களே?"

"கரிதானுங்க. ஆனா வெளிநாட்டுக் கரி. எடையே கெடையாது. வாங்கிட்டு வந்த அன்னைக்கு மொட்டமாடியில, துணி காயப் போட்டிருந்த கொடிக்குப் பக்கத்துல நிறுத்தினேன். லேசா ஒரு காத்து. துணியெல்லாம் அங்கங்கயே இருக்கு, சைக்கிளக் காணோம். மூணு தோட்டம் தாண்டி ஒரு சில்வர் ஓக் மரத்து உச்சியில தொங்கிட்டு இருக்கு. அதுலருந்து ரெண்டு பக்கமும் மிளகு மூட்டை கட்டித்தானுங்க நிறுத்தறது."

"ம்க்கும். ரேஸுக்கும் மூட்டையோடதான் போனீங்களா?"

"ரேஸுல என் எடை இருக்குங்களே மாமா. அதுக்காகத்தான் முந்தின நாள் ரெண்டு தோசை சேத்துச் சாப்புடுவேன்."

நான் இன்னொரு முறை இழுத்தேன். பாப்பா இது ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவளும் ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள்.

"அதுல சீட்டு இருக்குங்க பாருங்க, அது ஏறும் எறங்கும். கைப்புடியில ஒரு பட்டன் இருக்கு. எறக்கத்துல அமுக்கினா சீட்டு எறங்கிக்கும், மேட்டுல அமுக்கினா ஏறிக்கும்."

"இது நெசம்தான். பசங்க சைக்கிள்ல பாத்திருக்கேன்" என்றார் துரைக்கண்ணு அண்ணன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஒரு நாள் வீட்டு வாசல்ல உக்காந்துட்டு அமுக்கினேனுங்க. கைய எடுக்க மறந்துட்டேன். ஏறுது, ஏறுது, ஏறிட்டே இருக்கு. பலாமரத்துல தலை இடிச்சுது. ஒரு பழத்த மடியில கட்டிக்கிட்டேன். அதுக்கும் மேல போச்சு. பாத்தா மேட்டூர் டேம் தெரியுது. தண்ணி எத்தன அடின்னு கோட்டப் படிச்சேன். எண்பத்தேழு. மறுநாள் பேப்பர எடுத்துப் பாருங்க, எண்பத்தேழுன்னுதான் போட்டிருந்தான்."

பெண்ணின் அம்மா வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "கீழ எப்படிங்க எறங்கினீங்க?"

"அதானுங்களே சிக்கல். பட்டன் கீழ கைப்புடியில இருக்கு. நான் மேல இருக்கேன். கை எட்டல. அப்புறம் எங்கம்மாவக் கூப்ட்டு அமுக்கச் சொன்னேன்." சொல்லிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். பெற்ற பாவம், அம்மா தலையை ஆட்டினாள். "ஆமாங்க. கொழம்பு கொதிச்சுட்டிருந்துச்சு, அடுப்ப அணைச்சுட்டு ஓடிவந்தேன்" என்று ஒரு வரி சேர்த்தும் சொன்னாள். இந்தக் குணம் இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். அன்று தீர்ந்தது.

"ம்க்கும்."

"அப்புறம் ஷூவுங்க மாமா. ஷூவுக்கு அடியில ஒரு கொக்கி. பெடல்ல போய் டப்புன்னு மாட்டிக்கும். ஒரு தடவ மாட்டினா அப்புறம் கழட்டவே முடியாது."

"கழட்ட முடியலேன்னா எப்படி எறங்கறது?"

அன்று காலையில் முதல்முறையாக அவன் ஒரு நொடி திணறினான். "எறங்கறவனுக்குத்தானுங்களே அந்தக் கவல" என்று சமாளித்தான். திரைக்கு அந்தப் பக்கம் டம்ளர் ஒன்று உருண்டது. யாரோ இருமினார்கள். இருமல் மாதிரி இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

"ஏற்காட்டு ரேஸ் அன்னைக்குப் பனி மூட்டம். எப்படிப்பட்ட பனி? கைய நீட்டினா கை தெரியாது, உள்ள இழுத்தாலும் தெரியாது. நாப்பது பேரு ஒருத்தன் மேல ஒருத்தன் முட்டிட்டு நிக்கறாங்க. விசில் அடிச்சாங்க. நான் மிதிச்சேன் பாருங்க ஒரு மிதி. போன வேகத்துல பனியில ஒரு ஓட்டை விழுந்துடுச்சு. குகை மாதிரி. பின்னாடி முப்பத்தொம்பது பேரும் அந்த ஓட்ட வழியாத்தான் வந்தாங்க. ரேஸ் முடிஞ்சும் ரெண்டு நாள் அது மூடல. ஸ்கூல் பசங்க அதுல நடந்து போனாங்க, பால்காரர் போனாரு, கடைசில ஒருத்தர் அதுக்குள்ள டீக்கடை போட்டுட்டாரு."

"அந்தக் கடை இப்ப இருக்குதுங்களா?"

"வெயில் வந்துச்சுங்க. கரைஞ்சு போச்சு."

நான் இழுப்பதை விட்டுவிட்டேன். கை வலித்தது.

"ஊட்டிப் பக்கத்து ரேஸுல புது பிரேக்கு மாட்டியிருந்தேன். எண்ணெயில ஓடற பிரேக்கு. ஒரு விரல் வெச்சா போதும். நல்ல எறக்கம், நடுப் பாதையில காட்டெருமை. எப்படி நிக்குது? உங்க பஸ்ஸ விட ரெண்டு சீட்டு பெருசு. புடிச்சேன் பிரேக்க. சைக்கிள் நின்னுருச்சு. ரோடு நிக்கல. மாமா, ரோடு அப்படியே முன்னாடி போய்ப் பாய் சுருட்டற மாதிரி சுருண்டுக்கிச்சு. எருமை அது மேல ஏறி நின்னு என்னைப் பாக்குது. நான் அதப் பாக்கறேன். ஒரு வீரன இன்னொரு வீரனுக்குத் தெரியாதுங்களா? வாலை வலது பக்கம் ஆட்டிக் காட்டி, போ தம்பின்னு ஒதுங்குச்சு."

துரைக்கண்ணு அண்ணனுக்கு இது தாங்கவில்லை. தொழில் விஷயம். "இடது பக்கம் காட்டினாத்தானுங்க போகலாம்னு அர்த்தம். வலது பக்கம் காட்டினா அது திரும்பப் போகுது. அப்ப போய் ஓவர்டேக் பண்ணினீங்களா?"

"அது கேரளாவுல இருந்து வந்த எருமைங்க மாமா. அங்க ரூல்ஸ் வேற."

"ம்க்கும்! ம்க்கும்!"

"அதுக்கப்புறம் விட்டேன் பாருங்க. ஒம்போது மணிக்குக் கெளம்பினவன், போய்ச் சேந்து மணியப் பாத்தா எட்டே முக்கால். முடிவுக் கோட்டுல இன்னும் பந்தல் போட்டுட்டு இருக்காங்க. சும்மா நிக்க வேண்டாம்னு நானும் ஒரு கயத்தப் புடிச்சுக் கட்டினேன். அதனாலதான் டைம் போட முடியாம டி.என்.எஃப். குடுத்தாங்க."

திரைக்குப் பின்னால் மறுபடி அந்த இருமல்.

"சரி, அதெல்லாம் நான் பாக்காத ரோடு" என்றார் துரைக்கண்ணு அண்ணன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கொல்லிமலை நான் பொழைக்கற ரோடு. அதச் சொல்லுங்க."

அம்மா பையைக் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நவநீதனுக்கு மட்டும் முகம் பிரகாசமாக ஆனது.

"செம்மேட்டுல இருந்து இந்தக் காரவள்ளி வரைக்கும் எறக்கம். மொத்தம் எழுபது வளைவு. நான் மூணுதான் திரும்பினேன். மிச்சத்தத் தாண்டிட்டேன்."

"எந்த மூணு?"

"முப்பத்தேழு. நாப்பது. எழுபத்திரெண்டு."

"எழுபதுதாங்க இருக்கு."

"அன்னைக்கு நான் போன வேகத்துல ரோடு ரெண்டு மடிப்பு சேத்து மடிஞ்சுடுச்சுங்க. அப்புறம் ஆளுங்க வந்து நீவி விட்டாங்க. நீங்க அன்னைக்கு லீவா இருந்திருப்பீங்க."

"நான் இருபத்திரண்டு வருஷத்துல லீவே போட்டதில்ல."

"அப்ப நீங்க கண்ண மூடிட்டு ஓட்டியிருப்பீங்க மாமா."

கொல்லிமலை ரூட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறார் என்று ஒரு டிரைவரிடமே சொல்லிவிட்டான். அவர் முகம் சிவந்தது. இவனோ நிறுத்தவில்லை.

"நாப்பதாவது வளைவுல எகிறினேன். சுவத்தத் தாண்டி, மரத்தத் தாண்டி, ஆகாசத்துல போறேன். போயிட்டே இருக்கேன், கீழ வரக் காணோம். பசி எடுத்துடுச்சு. புளிசாதப் பொட்டலத்தப் பிரிச்சேன். ரெண்டு பருந்து வந்துச்சு, அதுங்களுக்கும் ஆளுக்கு ஒரு உருண்டை. கை கழுவத் தண்ணி இல்ல, பக்கத்துல போன மேகத்துல தொடச்சுக்கிட்டேன். அப்பப் பாத்து எங்கக்கா போன் பண்ணுச்சு. 'எங்கடா இருக்க'ன்னுச்சு. 'மேல இருக்கேன்க்கா'ன்னேன். நான் சொல்றது நம்பலேன்னா அக்காவக் கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு நான் போன் பண்ணியது நிஜம். "மேல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று அவன் சொன்னதும் நிஜம்.

"மேல இருக்கேன்னுதாங்க சொன்னான்" என்றேன். அந்த வீட்டில் நான் பேசிய முதல் வார்த்தை.

"பாத்தீங்களா! அப்படியே மெதுவா எறங்கி வர்றேன். கீழ முடிவுக் கோடு தெரியுது. நான் அதுக்கு மேல பத்தடி ஒசரத்துல போறேன். அங்க தொப்பி போட்ட ஒரு அம்மா நாற்காலியில உக்காந்து பேர் எழுதிட்டு இருந்தவங்க, என்னைப் பாத்ததும் எழுந்து நின்னுட்டாங்க. வாயில விசில். கைய ஒசத்தி ஒரு சல்யூட். நானும் கையாட்டினேன். மூணாவது டி.என்.எஃப்.!"

பையிலிருந்து லேமினேஷன் தாளை எடுத்து நீட்டினான். துரைக்கண்ணு அண்ணன் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "டி.என்.எஃப்.னா?"

"டிஸ்ட்ரிக்ட் நம்பர் ஃபர்ஸ்ட்."

அவர் விரலை வைத்து எண்ணினார். "இதுல ஒம்போது பேருக்கு அப்படிப் போட்டிருக்குதே?"

"அன்னைக்குக் கடும் போட்டிங்க மாமா."

அப்போதுதான் திரை விலகியது. கோகிலவாணி காபித் தட்டோடு வந்தாள். நல்ல உயரம். வெயிலில் நின்று நின்று மூக்கு மட்டும் கறுத்திருந்தது. எல்லாருக்கும் காபி கொடுத்தாள், நவநீதனுக்கும் கொடுத்தாள். தட்டைக் கீழே வைத்தாள். நேராகப் போய் காலண்டர் ஆணியிலிருந்த விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவன் எதிரில் வந்து நின்றாள்.

நவநீதன் விசிலைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மறுபடி விசிலைப் பார்த்தான். டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது.

"அது சல்யூட் இல்லீங்க" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "எறங்குங்கன்னு கை காட்டினேன்."

அம்மா அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் பி.டி. டீச்சர்ங்கறத தரகர் சொல்லலையாட்டம் இருக்கு. அந்தக் கிளப்புல எங்களத்தான் கூப்பிடுவாங்க. மூணு ரேஸுலயும் விசில் அடிச்சதும் நான்தான், பேர் எழுதினதும் நான்தான்." எங்கம்மாவின் பக்கம் திரும்பினாள். "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. டி.என்.எஃப்.னா முடிக்கலைன்னு அர்த்தம். டிட் நாட் ஃபினிஷ்."

"முடிக்கலையா?" என்றாள் அம்மா. "அப்ப... காதுகுத்து ஃப்ளெக்ஸு?"

கோகிலவாணி மாமா பக்கம் திரும்பினாள்.

"ஏற்காட்டுல விசில் அடிச்சேன். முப்பத்தொம்பது பேரு போயிட்டாங்க. இவரு கெளம்பின எடத்துலயே, வாழமரம் சாயற மாதிரி மெதுவாச் சாஞ்சாரு. ஷூ பெடல்ல மாட்டிக்கிச்சு, கழல்ல. ரெண்டு பேர் வந்து ஷூவ அங்கயே விட்டுட்டுக் காலை மட்டும் உருவி எடுத்தாங்க. ஊட்டியில புது பிரேக்கு. எந்தக் கையி முன் சக்கரம், எந்தக் கையி பின் சக்கரம்னு தெரியாம ஒரு கேரட் தோட்டத்துல போய் விழுந்தாரு. எருமை இருந்தது நெசம்தான். காடுதான் இல்ல. முளையில கட்டியிருந்த பால் எருமை."

"கொல்லிமலை?" என்று துரைக்கண்ணு அண்ணன் ஆவலோடு கேட்டார்.

"எல்லாரும் வந்து சேந்து, பந்தலப் பிரிச்சு, அஞ்சரை மணி ஆயிடுச்சு. இவர் ஒருத்தர் வராம லிஸ்ட மூட முடியாது. உக்காந்திருக்கேன். ஒரு டெம்போ வருது. முழுக்க வாழத்தார் லோடு. அது மேல சைக்கிளக் கட்டிப்பிடிச்சுட்டு இவரு உக்காந்துட்டு இருக்காரு. கையில புளிசாதப் பொட்டலம். பத்தடி ஒசரம்னு சொன்னது நெசம்தான் மாமா. நான் விசில் அடிச்சு எறங்கச் சொல்றேன், கையாட்டிட்டுப் போயிட்டே இருக்காரு."

மேல இருக்கேன்க்கா. எனக்கு இப்போது விளங்கியது.

அம்மா எழுந்துவிட்டாள். "போலாம்டி" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். நவநீதன் எழவில்லை. தலையைக் குனிந்து காபியையே பார்த்துக்கொண்டிருந்தான். என் தம்பி அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மூன்று இடம் போனபோதுகூட வீட்டுக்கு வரும் வழியிலேயே அதை வைத்து ஒரு கதை கட்டிவிடுவான். நாலாவது இடத்துக்கு அவனிடம் கதை இல்லை.

"இருங்க அக்கா" என்று பெண்ணின் அம்மா எங்கம்மாவின் கையைப் பிடித்தார். "இதெல்லாம் தெரிஞ்சேதான் உங்கள வரச் சொன்னா. பயோடேட்டாவப் பாத்துட்டு அன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சா. வெவரம் கேட்டா சொல்ல மாட்டேங்கறா."

"ஏன் வாணி?" என்றார் துரைக்கண்ணு அண்ணன்.

"நாலு வருஷமா எழுதறேன் மாமா. டி.என்.எஃப். வாங்கினவங்க அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் போவாங்க. சில பேரு என்னோட சண்டைக்கு வருவாங்க. அதப் பட்டமாப் போட்டு, லேமினேஷனும் பண்ணி வெச்சிருக்கறவர இப்பத்தான் பாக்கறேன்."

துரைக்கண்ணு அண்ணன் நவநீதனைப் பார்த்தார். "தம்பி, இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

நவநீதன் வாயைத் திறந்தான். என் கை தானாகச் சட்டைக்குப் போனது.

"அந்த ஷூவ இன்னும் பெடல்லருந்து கழட்ட முடியலைங்க" என்றான்.

"ம்க்கும்" என்றார் அவர்.

"இது நெசம் மாமா" என்றாள் கோகிலவாணி. சொல்லும்போதே சிரித்துவிட்டாள். திரைக்குப் பின்னால் இருமியது யார் என்று அப்போது எல்லாருக்கும் தெரிந்தது. அவள் அம்மா சிரித்தார், எங்கம்மாவும் சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டுச் சிரித்தாள். துரைக்கண்ணு அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. டிரைவர் ஆயிற்றே, ஊர் வந்து சேரும்வரை அவர் சிரிக்க மாட்டார்.

"சிரிப்பெல்லாம் சரி. மூணு ரேஸ், மூணும் முடிக்காத ஆளு. கல்யாணம்னா சும்மாவா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் மாமா. தாலியும் மூணு முடிச்சுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "மொத முடிச்சு மட்டும் இவரு போடட்டும். மிச்ச ரெண்டும் நாத்தனார் போடறதுதானே வழக்கம்?"

அவள் வந்து எனக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பாப்பா விசிலைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, நீங்க முடிச்சுடுவீங்களா?"

இரண்டாவது தடவையாக எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை எனக்குக் கூச்சம் வரவில்லை.

"முடிச்சுடறேன்" என்றேன்.

நவநீதன் மெல்ல நிமிர்ந்தான். காபியை ஒரே மடக்கில் குடித்தான். முகத்தில் ஒவ்வொன்றாக விளக்குகள் எரிய ஆரம்பித்தன. தொண்டையைச் சரி செய்துகொண்டு, துரைக்கண்ணு அண்ணன் பக்கமாக நாற்காலியைத் திருப்பினான்.

"ஒரே முடிச்சுன்னாலும் மாமா, நான் போடற முடிச்சு எப்படிப்பட்ட முடிச்சுன்னா, ஏழு யானைய இந்தப் பக்கம் கட்டி, ஏழு யானைய அந்தப் பக்கம்..."

நான் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அதற்குள் விசில் அடித்துவிட்டது.